வல்லூறுக்கு வாங்கிய சைலன்சர்

சைலன்சர் என்று அந்தக் குழாய்க்குப் பெயர் வைத்தவன் துப்பாக்கி சுடுகிறவனாக இருந்திருக்க முடியாது. நம்மைப் போலக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பொருளை நகர்த்துகிறவனாகத்தான் இருந்திருப்பான். இப்போது கேட்லாக்கில் சப்ரஸர் என்று அடக்கமாகப் போடுகிறார்கள். வாடிக்கையாளர் மாறவில்லை. ரைஃபிளைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்களிடமும் இதைத்தான் கேட்பார்: "சத்தமே வராதுல்ல?"

வேட்டைச் சாமான் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அந்தக் கேள்விக்கு எழுபதுகளில் துபாய் தேராவில் நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். "மாஃபி." இல்லை, வராது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை என்னைப் பாலைவனத்தில் ஒரு ஜீப்புக்கு அடியில் குப்புறப் படுக்க வைத்தது. கடையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், ஜீப்பைப் பார்த்தால் அதன் அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண் தானாகக் குனிந்து பார்க்கிறது. அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சாத்தூர்க்காரன். பம்பாயில் இன்டர்வியூ எடுத்த மேனேஜர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "சாத்தூர் எங்கே இருக்கு?" என்றார். "சிவகாசிக்குப் பக்கத்துல சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வெடிச்சத்தம் உனக்குத் தாலாட்டு." தலையை ஆட்டினேன். விசா கிடைத்தது. உண்மை என்னவென்றால், தீபாவளிக்கு ஊரே தெருவில் நிற்கும்போது நான் போர்வைக்குள் இருப்பேன். கல்லூரி முடித்த பிறகும் அப்படித்தான். கடைக்குள் யாரும் சுடப்போவதில்லை என்ற ஒரே தைரியத்தில் துப்பாக்கி விற்க வந்தவன் நான்.

இந்த ரகசியத்தை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. கோவில்பட்டிக்காரர். கடை வண்டி ஓட்டுவார். ஒரு நாள் மதியம் அவர் ஷட்டரைச் சடாரென்று இறக்க, நான் கவுன்ட்டருக்கு அடியில் போய்விட்டேன்.

"என்னவே, பேனா விழுந்துட்டா?" என்று குனிந்து பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி."

"பேனா உம்ம சட்டைப் பையில இருக்கே."

அதற்குப் பிறகு பொறுப்பாக, ஷட்டரை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்: "ஷட்டர் வருதுவே, சபாபதி! மனசத் தேத்திக்கிடும்!"

முராத் பாய் கடைக்கு வந்தது வெயில் தணிய ஆரம்பித்த பருவத்தில். பலுசிஸ்தான்காரர். ஒரு பெரிய வீட்டின் வல்லூறுகளை வளர்த்துப் பழக்குகிறவர். நம் ஊரில் ராஜாளி என்று கதையில்தான் கேட்டிருப்போம். இங்கே அது மனிதரின் இடது கையில் உட்கார்ந்துகொண்டு கடைக்கு வரும். கண்ணை மூடித் தோல் குல்லாய், காலில் தோல் வார், ஒரு சின்னப் பித்தளை மணி. பேர் நூரி. முராத் பாய் என்னிடம் பேசும்போது முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டுவார். கௌரவமான மனிதர், நேராகப் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் பேசியது இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத இந்தி. தமிழிலேயே எழுதுகிறேன்.

"மதராசி பாய், என் சின்ன ரைஃபிளுக்கு சைலன்சர் வேணும். அனுமதிக் காகிதம் இருக்கு."

"புறா சுடவா பாய்?"

"புறா இவளுக்குத் தீனி. ஆனா சைலன்சர் புறாவுக்கு இல்லை. இவளுக்கு."

பெருநாள் கொண்டாட்டத்தில் யாரோ சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். நூரி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து துப்பாக்கிச் சத்தம் எங்கே கேட்டாலும் கையில் இருந்து பாய்ந்துவிடுகிறாள். காலில் வார் இருப்பதால் பறக்க முடியாது. தலைகீழாகத் தொங்கிச் சிறகை அடித்துக்கொள்வாள். ஒரு பெரிய இறகு முறிந்தால் அந்த வேட்டைப் பருவம் போயிற்று. குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகும் கூடாரத்தில் சமையலுக்கு முயல் சுடுவார்கள், சத்தம் இல்லாமல் இருக்காது. வீட்டுக் காரியஸ்தர் சொல்லிவிட்டாராம்: புறப்படும் முன் பறவை சரியாகவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன், கலாஸ், பேச்சு முடிந்தது.

"கொடுத்துட்டா என்ன பாய்? வேற பறவை தருவாங்கல்ல?" என்று கேட்டேன். மளிகைக்கடைப் புத்தி.

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பழைய இறகை எடுத்து நூரியின் மார்பைத் தடவிக்கொடுத்தார். "தூக்கம் முழிச்சு, கையிலேயே வச்சுப் பழக்கினேன். இவ என் கையில சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"ஆகட்டும். அப்புறம் இந்தக் கேள்வியக் கேளு."

பிறகு அந்தப் பிரசித்தி பெற்ற கேள்வியைக் கேட்டார். நானும் பிரசித்தி பெற்ற பதிலைச் சொன்னேன். மாஃபி.

கடையில் மூன்று வகை இருந்தன. இருப்பதிலேயே பெரிதை எடுத்து வைத்தேன். கத்தரிக்காய் வாங்கும்போது பெரிசு முற்றல் என்று தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன், சைலன்சரில் பெரிசுதான் நல்லது என்று முடிவு கட்டினேன். மரை பொருந்தியது. பளபளவென்று கறுப்பாக, ஆளையே மயக்குகிற மாதிரி இருந்தது. "போட்டுக் காட்ட நீயும் வா" என்றார் முராத் பாய். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு. அண்ணாச்சி கடை ஜீப்பை ஓட்ட, அவீர் கிராமத்தைத் தாண்டி மணலுக்குள் போனோம். முராத் பாய் நூரியைத் தள்ளி ஒரு முளையில் உட்கார வைத்துவிட்டு வந்து, ரைஃபிளைத் தோளில் வைத்தார். வைத்தவர் இறக்கினார். மறுபடி வைத்தார்.

"குறி எங்கே போச்சு?"

அந்தப் பெரிய குழாய், ரைஃபிள் நுனியில் இருந்த குறியை அப்படியே மறைத்திருந்தது. கனம் வேறு முன்பக்கம் இழுத்தது. மெலிந்த ரைஃபிள், யானைத் தும்பிக்கை மாட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி தலையைத் தொங்கப் போட்டது.

"குறி எதுக்கு பாய், சத்தத்தைக் கேளுங்க" என்றேன். ஒரு துப்பாக்கிக் கடை ஊழியன் சொன்னதிலேயே கேவலமான வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

சுட்டார்.

சாட்டையைக் காதுக்குள் சொடுக்கிய மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு மணல்தான் தெரிந்தது. பக்கத்தில் ஜீப்பின் டயர். மேலே எண்ணெய் சொட்டும் ஏதோ ஒரு பாகம். தூரத்தில் சிறகு படபடவென்று அடிக்கும் சத்தமும், "நூரி, நூரி, நூரி" என்று ஓடும் முராத் பாயின் குரலும்.

அண்ணாச்சியின் முகம் டயர் ஓரத்தில் தலைகீழாக வந்தது. "என்னவே, பேனாவா?"

வெளியே வந்தபோது முராத் பாய் மணலில் உட்கார்ந்து, நூரியின் ஒவ்வொரு இறகாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் முறியவில்லை. ஆனால் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

அதுவரை பொருளை மட்டுமே விற்றவனுக்கு, அப்போதுதான் எதை விற்றோம் என்று புரிந்தது. திரும்பி வரும் வழியில் அண்ணாச்சியிடம் புலம்பினேன்.

"கேட்லாக்ல படம் நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

"படத்துக்குச் சத்தம் வராதுவே. கேட்லாக்கைப் படிச்சீரா, பாத்தீரா?"

பார்த்திருந்தேன். அன்று சாயங்காலமே படித்தேன். இதோ, உங்களுக்காக அதன் சாரம்: துப்பாக்கியில் சத்தம் இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று குழல் நுனியில், வெடித்த காற்று வெளியே பாயும்போது. அதைத்தான் இந்தக் குழாய் பிடித்துச் சாந்தப்படுத்தும். இன்னொன்று வேகமான தோட்டா காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது. அதற்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. அன்று சாட்டையாகச் சொடுக்கியது அதுதான். முராத் பாய் போட்டிருந்தது கடையில் நானே விற்ற வேகத் தோட்டா. இருப்பதிலேயே பெரிசு, இருப்பதிலேயே வேகம். எல்லாவற்றிலும் தாராளம்.

மேனேஜர், "உபயோகிச்ச பொருளை மாத்தித் தர முடியாது, பறவை பயந்தா நாம என்ன பண்றது?" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் மணலில் உட்கார்ந்து இறகு எண்ணியவரை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "சார், குறியை மறைக்கிற குழாயை அந்த ரைஃபிளுக்குக் கொடுத்தது நான். கடைப் பேரு கெட்டுப்போகும்" என்றேன். கடைப் பேர் என்றதும் மேனேஜர் இறங்கி வந்தார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மேலிடத்தில் நியாயம் பேசும்போது கடைப் பேரைக் கொஞ்சம் தூவ வேண்டும்.

அடுத்த வெள்ளி, மெலிந்த சின்னக் குழாயோடும் மெதுவாகப் போகும் தோட்டாவோடும் முராத் பாயின் இடத்துக்குப் போய் நின்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பாய், போன தடவை மாஃபின்னு சொன்னேன். அது பொய். இதுலயும் சத்தம் வரும். கம்மியா வரும். எவ்வளவு கம்மின்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ல இவ்வளவு தூரம் வந்தியா?"

"ஆமா."

"அப்ப உள்ள வா. சாயா குடி."

நூரியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, நாங்கள் மட்டும் மணலுக்குப் போனோம். குறி இப்போது தெரிந்தது. சுட்டார். ஈரத் துணியை ஒரு உதறு உதறின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். குறிக்காக நிறுத்தி வைத்திருந்த டப்பா மட்டும் விழவில்லை. குழாய் மாட்டினால் தோட்டா போய்ச் சேரும் இடம் கொஞ்சம் மாறும், அதனால் குறியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டோம். இதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழி நம் மேல்தான்.

முராத் பாய் டப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ காதைப் பொத்தலை."

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி இருந்தன. இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஜீப் பக்கத்திலேயே இருந்தது, நான் அதைத் தேடவில்லை.

அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "மதராசி, நீயும் நூரியும் ஒரே சாதி. நீ நிக்கிற இடத்துல அவளும் நிப்பா."

அன்றிலிருந்து என் வெள்ளிக்கிழமை லீவு போயிற்று. முதலில் நான் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அவர் சுடுவார். நான் துள்ளினால், "இன்னும் தள்ளிப் போ." துள்ளாவிட்டால் அந்த இடத்தில் நூரியைக் கொண்டுவந்து, இறைச்சித் துண்டைக் கொடுத்துவிட்டு, அவள் தின்னும்போது சுடுவார். அடுத்த வாரம் இன்னும் கிட்டே. சத்தத்தை ஒழிக்க வாங்கிய குழாய், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் கரண்டியாக மாறிவிட்டது. எந்தக் கேட்லாக்கிலும் இது இல்லை. கடையில் அண்ணாச்சி கேட்டார், "சம்பளம் எப்படி, உமக்கும் இறைச்சித் துண்டுதானா?"

ஒரு வெள்ளியன்று நூரியைப் பறக்க விட்டார். ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். முராத் பாய் கண்ணைச் சுருக்கி வானத்தையே துழாவினார்.

"மணி கேக்குதா?" என்றார் என்னிடம்.

"நல்லா கேக்குதே பாய். இந்தா, இடது பக்கம், பக்கத்துலயே."

அவர் தலையை வலப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம் திருப்பினார். அப்புறம் நான் கை காட்டிய பக்கம் நடந்தார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துப் பெருமையோடு பின்னால் போனேன். மணி அவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பறவையைச் சோதித்துப் பார்க்கக் காரியஸ்தர் வந்த நாள் குழாயைக் கழற்றியாகிவிட்டது. வேட்டைக் கூடாரத்தில் யாரும் நமக்காகக் குழாய் மாட்டிச் சுடப் போவதில்லை. வெற்று ரைஃபிள், அதே வேகத் தோட்டா. நாற்காலி போட்டு உட்கார்ந்த காரியஸ்தர், சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, "யல்லா, முராத்" என்றார், ஆகட்டும் என்று.

முராத் பாய் சுட வேண்டும். அப்படியென்றால் நூரி யார் கையில்? வெள்ளிதோறும் பார்த்துப் பழகிய என்னைத் தவிர வேறு எந்த ஆளிடமும் அவள் உட்காரமாட்டாள். அவர் என்னிடம் நடந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், கையில் இருந்த தோல் உறையைப் பார்த்தேன், ஜீப்பைப் பார்த்தேன்.

"பாய், வேண்டாம். நான் துள்ளினா இவளும் துள்ளிருவா."

"அதனாலதான் நீ துள்ள மாட்டே."

உறையை என் கையில் மாட்டி, நூரியை ஏற்றி, காலின் வாரை என் மறு கை விரல்களுக்குள் கொடுத்து மூடினார். உறை மேல் ஓர் இறைச்சித் துண்டை வைத்துவிட்டு, குல்லாயைக் கழற்றினார். நான் யோசித்தது எல்லாம் ஒன்றுதான்: ஒரு கை பறவைக்கு, ஒரு கை வாருக்கு. காதைப் பொத்த மூன்றாவது கை இல்லை. கடவுள் கணக்கில் பிசகிவிட்டார். அண்ணாச்சி தூரத்தில் நின்று வாய்க்குள்ளேயே சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தே தெரிந்தது: "ஷட்டர் வருதுவே. மனசத் தேத்திக்கிடும்."

முழங்கால் ஆட ஆரம்பித்தது. அதை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், கையை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். முழங்கால் என் சொந்த விவகாரம். கை முராத் பாயுடையது. நெருக்கடியில் உங்களுக்கு நான் தரக்கூடிய ஒரே புத்திமதி இதுதான்: உடம்பு முழுக்கத் தைரியமாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பாகத்தை நம்பி ஒருவர் ஒன்றைக் கொடுத்திருக்கிறாரோ, அந்தப் பாகம் மட்டும் அசையாமல் இருந்தால் போதும்.

வெடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தோல் உறைக்கு மேல் நகங்கள் ஒரு பிடி பிடித்தன, எலும்புவரை தெரிந்தது. சிறகு விரியும் காற்று கன்னத்தில் பட்டது. போயிற்று என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது நூரி அங்கேயே இருந்தாள். பாதி விரித்த சிறகை மடித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், இவனுக்கு என்ன ஆச்சு என்பது போல. பிறகு குனிந்து இறைச்சியைக் கொத்தினாள்.

"கலாஸ்" என்றார் காரியஸ்தர். "கூட்டிட்டுப் போ." சாயாவைக் குடித்து முடித்தார்.

முராத் பாய் வந்து நூரியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். இறகை எடுத்து அவள் மார்பைத் தடவினார். அப்புறம் அதே இறகால் என் பிடரியையும் இரண்டு தடவை தடவிக்கொடுத்தார். சிரிக்காதீர்கள். முழங்கால் அப்போதுதான் நின்றது.

வேட்டைக்குப் புறப்படும் முன் கடைக்கு வந்தார். சைலன்சரைத் துணியில் சுற்றிக் கவுன்ட்டரில் வைத்தார். "இவளுக்கு இனி இது வேண்டாம். பயந்த வேற யாருக்காவது கொடு."

அதை வாங்க மேனேஜர் நீட்டிய கையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். முராத் பாய் வழக்கம்போல வலது காதைக் காட்டிக்கொண்டு நின்றார். நூரி சிறகை உதற, மணி கிணுகிணுத்தது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் என்னைச் சோதிக்கவே இல்லை என்று. சத்தத்தில் பழகுகிறவர்களுக்கு மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும் என்று கேட்லாக்கின் கடைசி வரியில் இருந்தது. இந்தக் குழாய் சுடுபவரின் செவிக்குப் பாதுகாப்பு என்றும் போட்டிருந்தது. யாரும் காதுக்காக இதை வாங்குவதில்லை என்பதால் அந்த வரியை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

"பாய், இது அவளுக்கு இல்லை. உங்க காதுக்கு."

"ஏன், என் காதுக்கு என்ன?" குரல் கொஞ்சம் தடித்தது.

மெதுவாகக் கேட்டேன். "அவ மணி இப்ப அடிச்சுதே, கேட்டுச்சா?"

நூரியின் காலில் இருந்த மணியை விரலால் பிடித்துப் பார்த்தார். "கிட்டே வச்சா கேக்குது" என்றார். "இதைப் போட்டா பழையபடி கேக்குமா?"

தம்பிகளே, தங்கைகளே, கவுன்ட்டரில் நின்ற இத்தனை வருஷத்தில் இதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"போனது வராது பாய். இருக்கிறது கொஞ்ச காலம் நிக்கும். காதுக்குள்ள பஞ்சும் வைங்க. இது மட்டும் போதாது."

அவர் துணியைத் திரும்பச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

குளிர் முடிந்து வெயில் திரும்பியபோது ஒரு நாள் கடை வாசலில் நிழல் விழுந்தது. முராத் பாய், இன்னும் கறுத்து, கையில் நூரி. ஒரு இறகுகூட முறியவில்லை என்று விரித்துக் காட்டினார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவள் சிறகை உதறினாள். மணி அடித்தது.

அவரே தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கவனித்தார்.

"கேக்கிறது கூடலை" என்றார். பிறகு சிரித்தார். "குறையவும் இல்லை."